மூன்று முறத்துச் சிப்பிகள்

ஞானமுத்து சார் என் வீட்டுக் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார். சட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தார். பனியனின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. எதிர் வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கிற வாசனை வந்ததால் அது ஞாயிற்றுக்கிழமை என்று உறுதியாகச் சொல்வேன். வருஷம் கேட்காதீர்கள். எழுபதுகளின் பின்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சிப்பியாக எடுப்பார். வெளிச்சத்தில் பிடிப்பார். கட்டைவிரலால் ஒருமுறை தடவுவார். பிறகு இடது பக்கமோ வலது பக்கமோ வைப்பார். சில சமயம் வைக்காமலே மடியில் போட்டுக்கொள்வார். மடி நிறைந்துகொண்டே வந்தது.

தன் பெயரைத் தாங்கப்போகும் பிராணியைப் பார்ப்பதற்காக அவர் அரியலூரிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி உத்திரமேரூர் வந்திருந்தார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அது எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. அதை அவரிடம் சொல்லாமல், "நீங்களே பிரித்துப் பாருங்களேன்" என்று குவியலை அவர் முன்னால் தள்ளிவிட்டு, வாத்தியார்களுக்கே உரிய தோரணையில் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றேன்.

பெண் பார்த்த கல்

நான் கல்லூரியில் நிலவியல் படித்தவன். பூமிக்கு அடியில் கிடக்கிற எண்ணெயும் நிலக்கரியும் தங்கமும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் மேலே வரும் என்று நம்பியிருந்தேன். எதுவும் கேட்கவில்லை. உத்திரமேரூர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார் ஆனேன். பாடப்புத்தகத்தில் பாறைகளுக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அது பரீட்சைக்கு வராது என்பதை என் மாணவர்கள் எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்.

கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று இந்தத் தொடரைப் படிக்கிற வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஆகாமல் இல்லை, ஆகப் பார்த்தது.

அக்கா என்னை இழுத்துக்கொண்டு புள்ளலூருக்குப் பெண் பார்க்கப் போனாள். நல்ல குடும்பம், நஞ்சை நிலம், புதிதாகக் கட்டிய வீடு. தரைக்குக் கடப்பைக் கல் பாவியிருந்தார்கள். காபி தம்ளர் வைத்த இடத்துக்குப் பக்கத்தில், எந்தக் காலத்திலோ அலை வந்து போன தடம் ஒன்று வரிவரியாக அப்படியே கல்லாகி நின்றது. நான் குனிந்து விரலால் தடவினேன். அடுத்த கல்லில் அது தொடர்கிறதா என்று பார்த்தேன். தொடரவில்லை; கொத்தனார் மாற்றிப் போட்டிருந்தார். அதற்காக வருத்தப்பட்டுவிட்டு நிமிர்ந்தபோது, பெண் வந்து வணங்கிவிட்டு உள்ளே போய்விட்டிருந்தாள்.

"மாப்ள பொண்ணு பாக்க வந்தாரா, தரைக்கு வெல கேக்க வந்தாரா?" என்றார் பெண்ணின் அப்பா.

அக்கா பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். புள்ளலூரில் அந்தக் காலத்தில் நடந்த போரில் பல்லவரும் சாளுக்கியரும் தாங்களே ஜெயித்ததாக ஆளுக்கொரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டார்கள். என் விஷயத்தில் அப்படிச் சந்தேகத்துக்கு இடமில்லை.

அதற்குப் பிறகு அக்காவும் ஓய்ந்துவிட்டாள். தனியாக இருக்கிற ஆளைப் பற்றி ஊர் ஒரு வயது வரைக்கும்தான் பேசும். பேசினவரை எரிச்சலாக இருந்தது. நிறுத்தினபோது, யாரோ மின்விசிறியை அணைத்த மாதிரி இருந்தது.

சுண்ணாம்புக்கா சார்?

அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்தது. மனிதன் வருவதற்கு வெகு காலம் முன்பு. அந்தக் கடலின் அடித்தரைதான் இன்று சுண்ணாம்புக்கல் சுரங்கம். வெட்டுகிற இடத்தில் எல்லாம் கல்லாகிப்போன சிப்பிகளும் நத்தைகளும் உதிரும். கோடை விடுமுறையில் எல்லோரும் ஊட்டிக்கும் மாமனார் வீட்டுக்கும் போவார்கள். எனக்கு ஊட்டி குளிரும், மாமனார் கிடையாது. அரியலூருக்குப் போவேன்.

அங்கே நான் பித்தாகிக் கிடந்தது ஒரே ஒரு சிப்பியிடம். பழைய பெட்ரோல் பங்குப் பலகைகளில் மஞ்சளாக ஒரு சிப்பியைப் பார்த்திருப்பீர்கள். அதன் பங்காளி இது. விரித்த விசிறி மாதிரி இருக்கும். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்திலிருந்து வரிகள் கிளம்பி விளிம்பு வரை ஓடும். கைப்பிடிக்கு இரு பக்கமும் இரண்டு சின்னக் காதுகள். விசிறிச் சிப்பி என்று நானே தமிழில் ஒரு பெயர் கொடுத்து வைத்திருந்தேன்.

செங்கல்பட்டில் அதை மூட்டையாக பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டர் தவறாமல் கேட்பார்.

"இன்னா சார் மூட்டையில? கல்லு மாரி கனக்குது."

"சிப்பி."

"சுண்ணாம்புக்கா சார்?"

"இல்லப்பா, ஆராய்ச்சிக்கு."

"ஆராய்ச்சிக்கும் லக்கேஜ் உண்டு சார்."

"கோடி வருஷத்துப் பழசுப்பா இது."

"பழசுன்னா மேல போடு. புதுசா ஏறுறவனுக்கே உள்ள எடமில்ல."

சிக்கல் என்னவென்றால், ஒரே பாறையில் ஒன்றாகக் கிடந்த இந்தச் சிப்பிகளில் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. ஒன்றுக்கு வரி பருமன், ஒன்றுக்கு மெல்லிசு. ஒன்று பூரியாக உப்பியிருக்கும், ஒன்று அப்பளமாகத் தட்டையாக இருக்கும். சிலவற்றில் இரண்டு வரிகளுக்கு நடுவே நூல் மாதிரி இன்னொரு வரி ஓடும். இவை ஒரே இனமா, வெவ்வேறு இனங்களா? இதுதான் கேள்வி. உலகத்தில் நாலைந்து பேருக்குத் தவிர யாருக்கும் இது கேள்வியே இல்லை. அந்த நாலைந்து பேரில் ஒருவன் உத்திரமேரூரில் இருந்தான்.

ஊர் நடுவே கோயில் சுவரில், யார் சபையில் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. அந்தக் காற்று எனக்கும் அடித்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் விதிமுறைகள் வகுப்பேன். பருத்த வரிக்காரர்கள் ஒரு சபை. மெல்லிய வரிக்காரர்கள் ஒரு சபை. நடுத்தரமான வரியும் இடையே நூல்வரியும் ஒரு காது பெரிதாகவும் உள்ளவர்கள் மூன்றாவது சபை. தனியாக இருக்கிற ஆள் சிப்பிகளோடு பேசுவான் என்று நினைப்பீர்கள். நான் பேசியதில்லை. திட்டியிருக்கிறேன்.

எழுதாத ஒப்பந்தம்

ஞானமுத்து சார் அந்தச் சுரங்கத்தின் ஆய்வகத்தில் கெமிஸ்ட். கல்லைப் பொடி செய்து, அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்று பார்ப்பது அவர் வேலை. பொடி செய்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் அந்தக் கல்லைப் பார்ப்பது அவர் பைத்தியம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மனைவி காலமாகி வெகு நாளாயிற்று. வருஷத்துக்கு ஒருமுறை நேரில் சந்திப்போம். மற்ற நாளெல்லாம் தபால் கார்டு. அவர் கார்டில் நலம் விசாரிப்பு இருக்காது. "வாத்தியாரே, நேற்று ஒரு நண்டின் கால்" என்றுதான் ஆரம்பிக்கும்.

புது இனத்தைக் கண்டுபிடித்தவன் அதற்குப் பெயர் வைக்கலாம். ஆனால் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதில்லை. தடை என்று எழுதி வைக்கவில்லை. அசிங்கம் என்று எல்லோருக்கும் தெரியும். கல்யாண வீட்டில் தன் இலைக்குத் தானே பாயசம் விட்டுக்கொள்வதைப் போல. அதனால் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நீ உன் நத்தைக்கு என் பெயரை வை, நான் என் சிப்பிக்கு உன் பெயரை வைக்கிறேன். யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. நாங்களும் சொன்னதில்லை.

அவர் தன் பங்கை முடித்துவிட்டார். சுண்டுவிரல் நக அளவு நத்தை ஒன்றுக்கு என் பெயரை வைத்து, ஒரு சங்கத்தின் மெலிந்த இதழில் அச்சேற்றினார். ஆண்பிள்ளை பெயரை லத்தீனாக்க வால் பக்கம் ஓர் 'இ' சேர்ப்பார்கள். வரதராஜன் ஆகிய நான் 'வரதராஜனி' ஆனேன். அந்த இதழை ஆசிரியர் அறையில் காட்டினேன். "யார் சார் இந்தப் பொண்ணு?" என்றார் தமிழாசிரியர். இருந்தாலும் அன்று ராத்திரி அந்தப் பக்கத்தைப் பல தடவை திறந்து பார்த்தேன். எனக்குப் பிறகு என் பெயரைச் சொல்ல யாரும் இல்லை என்று இருந்தவனுக்கு ஒரு நத்தை கிடைத்தது.

இப்போது என் முறை. பருத்த வரிச் சிப்பிக்கு ஒரு வெள்ளைக்காரர் போன நூற்றாண்டிலேயே பெயர் வைத்துவிட்டார். மற்ற இரண்டும் புதியவை என்பது என் கட்சி. அதில் அழகானது, நூல்வரியும் பெரிய காதும் உள்ள மூன்றாவது. அதைத்தான் 'ஞானமுத்துயி' என்று தீர்மானித்திருந்தேன். அந்த இனத்துக்கே அடையாளமாக ஒரு சிப்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர் அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் வைத்திருந்தேன்.

ஞானமுத்து சாருக்கு அந்த மாதக் கடைசியில் ஓய்வு. மகள் பிலாயில் இருந்தாள். அங்கே போய்விடுவதாக ஏற்பாடு. "அங்கே எனக்கு ஹிந்தியும் தெரியாது, கல்லும் தெரியாது. கிளம்புவதற்கு முன்னால் என் சிப்பியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன்" என்று எழுதியிருந்தார்.

தனபாக்கியம்மாளின் முறம்

என் மூன்று சபைகளும் மூன்று முறங்களில் இருந்தன. முறங்கள் வீட்டுக்காரம்மாள் தனபாக்கியத்துடையவை. தட்டு கேட்டேன், முறம் கொடுத்தாள். மாதக்கணக்கில் நான் வைத்துக்கொண்டதை அவளும் கண்டுகொள்ளவில்லை.

அந்தச் சனிக்கிழமை பள்ளியிலிருந்து வந்து பார்த்தேன். கூடம் மழமழவென்று பெருக்கியிருந்தது. சாணம் தெளித்த வாசனை. நடுவே சிப்பிகள் ஒரே குவியலாக, கோபுரம் மாதிரி கிடந்தன. முறங்களைக் காணோம்.

பின்கட்டுக்கு ஓடினேன். தனபாக்கியம்மாள் வேர்க்கடலை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, சிப்பியை எல்லாம் கொட்டிட்டீங்களே?"

"கொட்டல சாரு, பதனமாதான் குவிச்சி வச்சிகீறன். ஒண்ணு கூட ஒடையல, எண்ணிக்கோ. வேர்க்கல்ல வந்துடிச்சி, மொறத்துக்கு நான் எங்க போவ?"

"மூணும் வேற வேறம்மா!"

"வேற வேறயா?" முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை உண்மையான அக்கறையோடு பார்த்தாள். "சாரு, மத்தியானம் எதுனா துன்னியா நீ?"

அவள்மேல் தப்பில்லை. ஒவ்வொரு சிப்பியின் முதுகிலும் மையில் குறி போட்டிருக்க வேண்டியவன் நான். அரைப்பரீட்சை லீவில் போடலாம் என்று இருந்தேன்.

போகட்டும், ஒருமுறை பிரித்தவனுக்கு மறுமுறை பிரிப்பது கஷ்டமா? உட்கார்ந்து பிரித்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மூன்று குவியல் ஆயிற்று. பார்த்தால், முன்பு எல்லாவற்றிலும் சிறியதாக இருந்த ஞானமுத்து சபை இப்போது பெரிய சபையாக இருந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டு, காலையில் குளித்துவிட்டுப் புதிதாகப் பிரித்தேன். இந்தத் தடவை அதில் ஒரு கைப்பிடிதான் தேறியது. அடையாளத்துக்கு என்று நான் தேர்ந்து வைத்திருந்த சிப்பி எது என்று தேடினேன். இதுவாக இருக்கும் என்று எடுத்தால், பக்கத்தில் இருந்ததும் அதுவாகத்தான் இருந்தது.

அப்போதுதான் வாசலில், "வாத்தியாரே!" என்ற குரல் கேட்டது. மூன்று குவியலையும் கையால் ஒன்றாகத் தள்ளினேன்.

மறுபடியும் கூடம்

மடியில் இடமில்லாமல் போனதும் ஞானமுத்து சார் நிறுத்தினார். இடது பக்கம் ஒரு சின்னக் குவியல், வலது பக்கம் ஒரு சின்னக் குவியல். மடியில் மலை.

"இதெல்லாம்?" என்றேன்.

"இதெல்லாம் எந்தப் பக்கம் போறதுன்னு என்னைக் கேட்டுக்கிட்டிருக்கு. என்னோடது எது வாத்தியாரே? நீங்களே காட்டிடுங்க."

அதற்கு மேல் தாங்கவில்லை. முறம், வேர்க்கடலை, நான் இரண்டு தடவை பிரித்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார். தொண்டை கமறும் வரை சிரித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீங்க பிரிச்சதை உங்களாலேயே திரும்பப் பிரிக்க முடியலை. என்னாலேயும் முடியலை. அப்ப அதுங்களுக்குள்ள பிரிவு இல்லைன்னுதானே அர்த்தம்?"

"அவசரப்படாதீங்க சார். நூல்வரியை மட்டும் வச்சுப் பார்ப்போம்."

"பார்ப்போம்."

இடது குவியலில் பருமனான வரி உள்ள ஒன்றை எடுத்து வாசல்படி ஓரம் வைத்தார். அதைவிட ஒரு சாயல் மெலிந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். நான் அடுத்ததைத் தேடிக் கொடுத்தேன். வரிசை கூடத்தைக் கடந்து, சமையலறை நிலையைத் தாண்டி, கிணற்றடிக் கதவை நோக்கி ஊர்ந்தது. பருமன் மெலிந்தது, நூல்வரி எட்டிப் பார்த்தது, நீண்டது, தானும் ஒரு வரியாயிற்று, காது பெருத்தது, மறுபடி சிறுத்தது. எங்காவது ஓர் இடத்தில் படி தட்டும், அங்கே கோடு கிழித்துவிடலாம் என்று நான் காத்திருந்தேன். படி தட்டும்போலத் தோன்றுகிற இடத்தில் எல்லாம் ஞானமுத்து சார் மடியிலிருந்து ஒன்றை எடுத்துச் சரியாகப் பொருத்தினார். தன் பெயர் ஏறவேண்டிய இடத்தைத் தானே அடைத்துக்கொண்டு வந்தார். ஒரு தடவைகூடக் கை தயங்கவில்லை.

தனபாக்கியம்மாள் முறங்களோடு வந்தாள். தரையில் தவழ்ந்துகொண்டிருந்த இரண்டு பெரிய மனிதர்களைப் பார்த்து நின்றாள்.

"இன்னா சாரு, ரெண்டு பேரும் கொயந்த மாரி தவுந்துகினு கீறீங்க? வேல முடிஞ்சிபோச்சி. மொறம் வோணுமா இன்னும்?"

நான் ஞானமுத்து சாரைப் பார்த்தேன்.

"வேண்டாம்மா" என்றார் அவர். "எல்லாம் ஒண்ணுதான்."

"அத்ததான் நேத்தே குவிச்சி வச்சன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லாம் ஒரே இனம் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். எது முதலில் வைத்ததோ அந்தப் பெயர். அதாவது வெள்ளைக்காரர் வைத்தது. நான் டீ போட எழுந்தேன். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறவரை அங்கேயே நின்றேன். கூடத்துக்குத் திரும்பி அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

டீயைக் கையில் வாங்கிக்கொண்டு அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"வாத்தியாரே, ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது. உங்க நத்தையும் இப்படித்தான்."

"எப்படி?"

"அது தனி இனம் இல்லை. ஏற்கெனவே பேர் இருக்கிற நத்தையோட குட்டி. பெரிசாகும்போது முதுகுல வளையம் வந்துடுது. அச்சான அடுத்த வருஷமே எனக்குத் தெரியும்."

"சொல்லவே இல்லையே?"

"நத்தைக்குப் பேர் வச்சதும் நீங்க போட்ட கார்டைப் படிச்சேன். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

என்ன எழுதியிருந்தேன் என்று எனக்கு நினைவில்லை. நினைவுபடுத்திக்கொள்ளவும் விருப்பமில்லை. டீயில் சர்க்கரை போட மறந்திருந்தேன் என்பதை இருவரும் குடித்து முடித்த பிறகுதான் கவனித்தேன்.

செங்கல்பட்டு பஸ்

சாயங்கால பஸ்ஸுக்கு நடந்தோம். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. பக்கத்து ஊரான பெருநகருக்குப் போகிற பஸ் ஒன்று வைக்கோல் துரும்புகளைப் பறக்கவிட்டுக்கொண்டு போயிற்று.

"கட்டுரை எழுதுவீங்கல்ல?" என்றார்.

"எழுதறேன். எல்லாம் ஒரே இனம், பல உருவம்னு ரெண்டு பக்கத்துக்கு."

"அதுல ஒரு காரியம் பண்ணலாமே. முதல் பக்கத்துல என் பேரை வச்சுட்டு, ரெண்டாம் பக்கத்துல அது செல்லாதுன்னு அடிச்சுடுங்க. செல்லாத பேரையும் பட்டியல்ல போடுவாங்க இல்லையா? உங்க வரதராஜனி மாதிரி."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒரே கட்டுரையில வச்சு அடிக்கிற பேர் பேராவே ஆகாது சார். விதி அப்படி."

"தெரியும். சும்மா கேட்டேன்."

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு சிப்பியை எடுத்துக் காட்டினார். நான் டீ போட்டுக்கொண்டிருந்தபோது வரிசையிலிருந்து எடுத்திருக்கிறார்.

"இதை நான் வச்சுக்கறேன் வாத்தியாரே. இதுதான் நானுன்னு எனக்குத் தோணுது."

நல்ல சிப்பியா என்று பார்க்கக் கையை நீட்டுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அவர் பிலாயிலிருந்து சில கார்டுகள் போட்டார். அவற்றில் கல்லைப் பற்றி எதுவும் இல்லை. நலம் விசாரிப்பு மட்டும் இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

அன்று வீட்டுக்குத் திரும்பி விளக்கைப் போட்டேன். வரிசை வாசலிலிருந்து கிணற்றடி வரை கிடந்தது. அவர் எடுத்துக்கொண்டு போனது எந்த இடத்துச் சிப்பி என்று தெரிந்தால், அதன் உருவம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துவிடலாம். டீக்குப் பிறகும் பஸ் நேரம் வரை நாங்கள் நகர்த்தி நெருக்கியதில் தரையில் காலியிடம் எதுவும் இல்லை. ஆனால் ஒன்றை உருவினால் அதன் இரு பக்கத்துச் சிப்பிகளுக்கு நடுவே ஒரு சின்னப் படியாவது தட்ட வேண்டும் அல்லவா? முழங்காலிட்டு, தலையிலிருந்து கடைசி வரை விரலால் தடவிக்கொண்டே போனேன். திரும்பி ஒருமுறை வந்தேன்.

எங்கேயும் தட்டவில்லை.